இருபத்து மூன்றாம் பெயர்

1987 செப்டம்பர் 21, திங்கட்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கிணற்றடியில் பத்து வாளி குளியல். ஆறு முதல் ஏழு வரை படிப்பு. ஏழரைக்குப் பழைய சோறும் மோர்மிளகாயும். மறியலால் நான்காவது நாளாகப் பால் வரவில்லை. எட்டேகாலுக்குச் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். ஒன்பதுக்கு நீதிமன்றம். ஒன்பது பத்துக்குப் பேனாவில் மை நிரப்பினேன். வானம் மூட்டம், மழை இல்லை.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது. மை நிரப்பிய நேரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, என் எதிரில் வந்து நிற்காத ஒரு மனிதர் வந்து நின்றதாக அரசுப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அது டைரியில் இல்லை. அன்றைக்கு அது ஒரு தவறு என்றே எனக்குத் தெரியாது.

நீதிமன்றப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் ஒரு கைப்புத்தகம் கொடுக்கிறார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில், நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படைக் கொள்கைகள் வரிசையாக இருக்கின்றன: மக்களே அதிகாரத்தின் ஊற்று, அரசுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு, மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பங்கீடு, சட்டம் செய்பவர், நடத்துபவர், தீர்ப்பவர் என்று மூன்று கை, ஒரு கை தவறினால் மற்றது தடுக்கும். இதை ஒப்பித்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறீர்கள். நானும் அப்படித்தான் போனேன். உங்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம். என்னையே பார்ப்பது போல இருக்கிறது.

எங்கள் நீதிமன்றம் கள்ளக்குறிச்சிப் பக்கம், மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான் தலைமை எழுத்தர். முப்பத்தெட்டு வயது. தபால் வழியில் எம்.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க அரசியலமைப்பு என்ற தாளின் தேர்வு அந்த வாரம்தான் நடக்கவேண்டியது. மறியலால் தள்ளிப் போயிருந்தது. கேள்வி பதில் நோட்டு எப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கும். முக்கியமான வரிகளுக்கு அடியில் அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

அது இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரம் வெட்டிப் போட்டு மறித்த வாரம். கேட்டது நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்று டீக்கடையில் எல்லாரும் பேசினார்கள். என் மேசைக்கு வந்தது அந்தக் கேள்வி அல்ல, ஆட்கள். போலீசார் வேன் வேனாகப் பிடித்து வந்தார்கள். கைது செய்தவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. மாஜிஸ்திரேட் ஆளைப் பார்க்கவேண்டும், போலீசார் மீது புகார் உண்டா என்று கேட்கவேண்டும், பிறகுதான் சிறைக்கு அனுப்புவதா விடுவதா என்று முடிவு செய்யவேண்டும். இதைத்தான் ரிமாண்ட் என்கிறோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நான் ஏற்படுத்திய வழக்கம்தான். போலீசாரின் பெயர்ப் பட்டியல் காலையிலேயே வந்துவிடும். ஆட்கள் வருவதற்குள் ஒவ்வொருவரையும் சிறைக்கு அனுப்பும் வாரண்டைத் தயாராக எழுதி, உத்தரவுத் தாளில் ஒரு முத்திரை குத்தி வைத்துவிடுவேன். "நேரில் ஆஜர் செய்யப்பட்டார். போலீசார் மீது புகார் இல்லை. பதினைந்து நாள் காவல்." இந்த மூன்று வரிக்கு ரப்பர் முத்திரை செய்து வாங்கியது நான்தான். மாஜிஸ்திரேட் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். முந்தைய மாஜிஸ்திரேட்டுகள் இருவர் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் சோம்பேறி அல்ல என்பதைக் கவனியுங்கள். சோம்பேறி எழுத்தர் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. ஆள் வந்து நின்றபிறகுதான் அவன் பேனாவைத் தேடுவான்.

சனிக்கிழமைப் பட்டியலில் நாற்பத்தொரு பெயர். பத்து மணிக்கெல்லாம் நாற்பத்தொன்றையும் எழுதி, முத்திரை குத்தி, மூலைகளைச் சமமாகத் தட்டி வைத்துவிட்டேன். பதினொன்றுக்கு இரண்டு வேன் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. புது மாஜிஸ்திரேட்டுக்கு முப்பத்தொரு வயது. முந்தின நாளிலிருந்து தூங்காத கண். ஜன்னலிலிருந்து வேன்களைப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றார் வேன்களோடு வந்த ஏட்டு. நாற்பத்தொரு கையெழுத்தும் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்த நிமிடக் கணக்கு டைரியில் இருக்கிறது. பெருமையோடு எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது நாற்பதுக்கு ஒரு பெண் வந்து என் மேசைக்கு எதிரில் நின்றாள். முழங்கால் வரை சேறு. பெயர் பொன்னி என்றாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து முந்தின நாள் நடக்கத் தொடங்கி, ஒற்றையடிப் பாதையில் மலை இறங்கி, வடக்கனந்தலில் யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்து, விடிந்ததும் மறுபடி நடந்து வந்திருந்தாள். அவள் புருஷன் சின்னாண்டி வெள்ளிக்கிழமை காலை ஒரு மூட்டை சாமையைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு இறங்கினாராம். மலைச்சாலையில் போலீசார் ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னாராம்.

பதிவேட்டைத் திருப்பினேன். இருபத்து மூன்றாவது பெயர் சின்னாண்டி. தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் பொருந்தியது. எனக்கு ஒரு திருப்திகூட வந்தது; தேடியதும் கிடைக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன் அல்லவா. சனிக்கிழமை ஆஜர், கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார், அங்கே போய்க் கேள் என்று அனுப்பினேன். கிளைச் சிறை ஒன்றரைக் கிலோமீட்டர்.

பதினொன்றேகாலுக்குத் திரும்பி வந்தாள். அங்கே இல்லையாம்.

அப்போது நான் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். தபால் பதினொரு மணிக்குத்தான் பிரிப்பேன். அதற்கு முன்னால் தொடமாட்டேன், அது என் ஒழுங்கு. கையில் இருந்த உறை சிறையிலிருந்து வந்தது. சனிக்கிழமை மாலையே வந்து தட்டில் கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு வாரண்ட், மேலே சிறை அதிகாரியின் ஒரு வரி: "இந்த நபர் எம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை, எனவே திருப்பி அனுப்பப்படுகிறது." இருபத்து மூன்றாவது பெயர்.

சிறையில் நாற்பது பேர். என் பதிவேட்டில் நாற்பத்தொரு பேர். ஒரு மனிதர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தார். சிறை அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்; தலையை எண்ணியிருந்தார். அந்த ஊரில் அந்த வாரம் தலையை எண்ணிய ஒரே அரசு ஊழியர் அவர்தான்.

நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உறையை மறுபடி மடித்து, ஒரு பைலுக்கு அடியில் வைத்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம், உன் புருஷன் இங்கே வந்தது வந்ததுதான், எழுத்தில் இருக்கிறது, வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம் வூட்டுக்காரர நீ பாத்தியா சாமி?"

"பார்த்தேன்."

"இன்னா சட்ட போட்டுக்கினு இருந்தாரு?"

"நாற்பது பேரு வந்தாங்கம்மா. யாருக்கு ஞாபகம் இருக்கும்? வெள்ளையா இருக்கும்."

"அவரு சட்டையே போடமாட்டாரு சாமி. தோள்ல ஒரு கம்பளி, அவ்ளோதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாஜிஸ்திரேட் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. பைலுக்கு அடியில் இருந்த உறையை அவர் கேட்கவில்லை, நானே எடுத்துக் கொடுத்தேன். 

இன்ஸ்பெக்டரை வரச்சொன்னார். அவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல மனிதர், கலகலப்பானவர், நான்கு நாளாகச் சாலையிலேயே கிடந்ததில் தொண்டை கட்டியிருந்தது. என் மேசை இழுப்பறை திறந்தபடி இருந்தது, அதில் கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், அமெரிக்கா சட்டமா? அவங்கள மொதல்ல கச்சிராயபாளையம் ரோட்ட தொறந்து வுடச் சொல்லுங்க" என்று சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஜீப்புக்குப் போய் வயர்லெஸ்ஸில் நாலைந்து இடத்தில் கேட்டுவிட்டு வந்தார்.

மலைமேல் இருந்த ஒரு ஜீப் ஓட்டுநர் விவரம் சொல்லியிருந்தார்; நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மலைச்சாலையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் ஒருவர் கொடுவாளால் வெட்டிக்கொண்டிருந்ததைப் போலீசார் பார்த்துப் பிடித்தார்கள். பெயரை வயர்லெஸ்ஸில் கீழே சொன்னார்கள். கீழே இருந்தவர் பட்டியலில் சேர்த்தார். ஆனால் கீழிருந்து வேறு வண்டி வந்து ஏற்றிக்கொள்வதற்குள் கீழ் வளைவில் இன்னும் இரண்டு மரம் விழுந்தது. ஜீப்பையும் ஓட்டுநரையும் மேலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு காவலர்கள் அந்த மனிதரைச் சாலைப் பணியாளர் கொட்டகை ஒன்றில் உட்கார வைத்தார்கள். சனிக்கிழமை காலை அவர்களுடைய வயர்லெஸ் பேட்டரி தீர்ந்தது. பெயர் கீழே வந்துவிட்டது. ஆள் வரவில்லை. கீழே யாரும் தேடவில்லை, ஏனென்றால் ரிமாண்ட் முடிந்ததாக நீதிமன்றத் தாள் சொல்லிவிட்டது.

யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. இதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அவன் தலையில் போட்டுவிடலாம். பட்டியல் எழுதியவர் வயர்லெஸ்ஸை நம்பினார். நான் பட்டியலை நம்பினேன். மாஜிஸ்திரேட் என் முத்திரையை நம்பினார். இன்ஸ்பெக்டர் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தை நம்பினார். ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்பியதில் ஒரு மனிதர் மூன்று நாளாக எந்தச் சட்டத்துக்குள்ளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். மரத்தை வெட்டி நாளை மறுநாளுக்குள் பாதை திறந்துவிடும். ஆளை நேராகச் சிறைக்குக் கொண்டுபோகலாம். வாரண்ட் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு எழுத்துக்கூட மாற்றவேண்டாம். பதினைந்து நாளில் எப்படியும் எல்லாரையும் விட்டுவிடப் போகிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

நான் அதை ஆதரித்தேன். வெறுமனே ஆதரிக்கவில்லை, காரணம் காட்டினேன். தாள் பொய் என்று எழுதினால் என் வேலை போகும். கையெழுத்துப் போட்ட உங்களுக்கும் மாவட்ட நீதிபதியிடமிருந்து கேள்வி வரும், வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்றேன். அவர் அரை மணி நேரம் அறைக்குள்ளேயே நடந்தார். அந்த அரை மணியில் அவருக்கும் அந்த வழி இனித்தது என்றே நினைக்கிறேன். இரண்டு தடவை வாரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். வெளியே வராந்தாவில் பொன்னி தூணில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வெள்ளைத் தாள் கேட்டார். தன் கையாலேயே எழுதினார். இருபத்து மூன்றாம் நபர் சனிக்கிழமை தன் முன் நிறுத்தப்படவில்லை. தான் பார்க்காமல் கையெழுத்திட்டது தவறு. அந்தக் காவல் உத்தரவு தொடக்கத்திலிருந்தே செல்லாது. நகல் மாவட்ட நீதிபதிக்கு.

இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் தெரியும். மரியாதை குறையாமல் மடக்கினார்.

"ஐயா, போட்ட ஆர்டர மாத்தறதுக்கு உங்களுக்கு அதிகாரம் கெடையாதுங்க."

"மாத்தலங்க. நடக்காத ஒண்ண நடந்ததா எழுதியிருக்கு. நடக்கலன்னு எழுதறேன். அதுக்கு அதிகாரம் வேணாம், கண்ணு இருந்தா போதும்."

ஆளை உடனே கொண்டுவரச் சொன்னார். பாதை இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பெண் எந்தப் பாதையில் வந்தாள் என்று கேட்டார்.  "அவரால எறங்க முடியலன்னா நான் ஏறறேன்" என்று மாஜிஸ்திரேட் எழுந்துவிட்டார். தன் எல்லைக்குள் அவர் எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் நீதிமன்றம். என்னையும் பதிவேட்டோடு கிளம்பச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம். என் ஒழுங்கில் அது ஒன்றேகால். அன்று சாப்பிடவில்லை.

அடிவாரம் வரை ஜீப், மூன்று இடத்தில் வயலில் இறங்கி ஏறினோம். அங்கிருந்து நடை. முன்னால் பொன்னி, பின்னால் மாஜிஸ்திரேட், நான், ஏட்டு. உடைமுள் என் வேட்டியை இரண்டு இடத்தில் கிழித்தது. பதிவேடு நாலு கிலோ இருக்கும். மாஜிஸ்திரேட் தோல் செருப்போடு வந்திருந்தார். வழியிலேயே வார் அறுந்து, கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். ஏட்டு எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்ச வேலைய பாருங்க சார், கோர்ட்டே மலையேறுது" என்றார். நான் பதிவேட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். 

ஒரு பாறையில் உட்கார்ந்தபோது மாஜிஸ்திரேட் என் தேர்வைப் பற்றிக் கேட்டார். எரிச்சலில் இருந்தவனுக்கும் தெரிந்ததைச் சொல்ல ஆசை வருமல்லவா? அமெரிக்காவில் ஒரே மனிதர்மேல் இரண்டு அரசுகள், மாநிலத்தது ஒன்று, கூட்டாட்சியுடையது ஒன்று என்று ஆரம்பித்தேன். மாநிலப் போலீசார் ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்து, மாநில நீதிமன்றங்களும் கைவிட்டுவிட்டால், அவர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, என்னை ஏன் அடைத்திருக்கிறார்கள் என்று கேட்க முடியும். அதற்கான ஆட்கொணர்வு ஆணையை எளிதில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் உடலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே ஏணி. கீழ்ப்படியிலிருந்து உச்சப்படி வரை ஒன்றன்மேல் ஒன்று. இதை நோட்டில் உள்ள வரிசையிலேயே சொன்னேன்.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க ரெண்டு கதவு. இங்க ஒரு கதவுதான். அதுல நீங்க உக்காந்திருக்கீங்க."

கடுமையாகச் சொல்லவில்லை. "நாம" என்று திருத்திக்கொண்டார். 

அந்த ஏற்றத்தில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், சுருக்கமாக. அந்தக் கொள்கைகளை எழுதியவர்கள் நல்லவர்கள் பதவிக்கு வருவார்கள் என்று எண்ணி எழுதவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலையைத் தானே செய்யும், பக்கத்து அலுவலகத்தின் வேலையைச் செய்துகொடுக்காது என்று எண்ணி எழுதினார்கள். போலீசார் பிடிக்கலாம், பிடித்தது சரியா என்று அவர்களே சொல்லக்கூடாது. அதைச் சொல்லும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுடையது. நான் அவர்களுடைய பட்டியலில் முத்திரை குத்தியபோது, மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்தை எடுத்துப் போலீசார் கையில் கொடுத்தேன். அவர்கள் கேட்கக்கூட இல்லை. மூன்று கை என்று பக்கம் பக்கமாகப் படித்தவன், மூன்றாவது கையைக் கட்டி இரண்டாவது கைக்கு உதவியாக அனுப்பியிருந்தேன். அதுவும் நேரம் மிச்சமாகும் என்று.

கொட்டகை ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்தது. நாலே முக்காலுக்குச் சேர்ந்தோம். ஒற்றையடிப் பாதை அங்கேதான் சாலையை ஒட்டி வருகிறது, நடுவில் ஒரு மூங்கில் புதர் மட்டும். முந்தின நாள் இதே வழியாகத்தான் இறங்கினேன் என்றாள் பொன்னி. ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, சின்னாண்டி சட்டியில் சாமை கிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு காவலர்களும் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஷேவ் செய்யாத முகங்கள். அவர்களுக்கும் மூன்று நாளாக வேறு சோறு இல்லை. விற்க எடுத்து வந்த மூட்டையில் பாதி தீர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் காவலர்கள் எழுந்து விறைத்தார்கள். சின்னாண்டி பெண்டாட்டியைப் பார்த்தார், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவிட்டுத்தான் எழுந்தார். தோளில் கம்பளி. சட்டை இல்லை.

இவரை ஏன் விடவில்லை என்று மாஜிஸ்திரேட் காவலர்களைக் கேட்டார். மூத்தவர் உண்மையான குழப்பத்தோடு பதில் சொன்னார்.

"ஆளு நல்ல ஆளுதாங்க ஐயா. மூணு நாளா அவருதான் எங்களுக்கு ஆக்கிப் போட்றாரு. ஆனா பேரு கீழ போயிட்ச்சிங்களே. பேரு போனப்பறம் ஆள நான் எப்பிடி வுடறது?"

கொட்டகைத் திண்டில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்தார், வெறுங்காலோடு. நான் பதிவேட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட்டேன். மூன்றடி தூரத்தில் நின்றவர் ஏனுங்க என்றார்.

மரத்தை ஏன் வெட்டினாய் என்ற கேள்விக்கு அவர் சிரித்தார். மரத்தை வெட்டவில்லை, மரம் முந்தின இரவே விழுந்து கிடந்தது. மூட்டையோடு தாண்ட முடியவில்லை, குறுக்கே நீட்டிய கிளையைக் கழித்துக்கொண்டிருந்தேன் என்றார். காவலர்கள் தலையைக் குனிந்தார்கள். மூன்று நாளில் அவர்களுக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. வழியைத் திறக்க முயன்றவரை வழியை மறித்ததற்காகப் பிடித்திருக்கிறார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"போலீசார்மேல ஏதாவது புகார் இருக்கா?" என்றார் மாஜிஸ்திரேட்.

சின்னாண்டி யோசித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காவலர்களைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"அடிக்கலைங்க. என் கொடுவாள மட்டும் குடுக்கச் சொல்லுங்க. கெள இன்னும் அப்பிடியேதான் கெடக்குது."

அவரைக் காவலில் வைக்கக் காரணம் ஏதும் இல்லை என்று மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். ஐந்து இருபதுக்கு விடுவிக்கப்பட்டார். கொடுவாளை வாங்கிக்கொண்டு, மிச்ச மூட்டையைப் பெண்டாட்டி தலையில் ஏற்றிவிட்டார். சாமைச் சோற்றைக் காவலர்களுக்கே விட்டுவிட்டார். பொன்னி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏன் சொல்லவேண்டும்? அவள் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னவன்.

பின்னால் எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது, விளக்கம் எழுதினேன், தண்டனையும் வந்தது. மாஜிஸ்திரேட்டின் பணிப் பதிவேட்டிலும் கரும்புள்ளி விழுந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தள்ளிப்போன தேர்வு டிசம்பரில் நடந்தது. அதிகாரங்கள் ஒன்றையொன்று தடுத்துச் சமன் செய்வதை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். நாலு பக்கம் எழுதினேன், ஏழு உட்தலைப்போடு. மலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை; பாடத்திட்டத்தில் இல்லையே. பாஸ்.

இப்போது உங்களிடம் கணினி இருக்கிறது. போன வாரம் ஒரு நீதிமன்றத்தில் உங்களில் ஒருவர் முந்தின நாள் உத்தரவைத் திரையில் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, காலை ஒன்பதரைக்கே இருபது உத்தரவுகளைத் தயாராக வைத்திருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு வேகம் பாருங்கள் சார் என்று என்னிடமே காட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்று மலையிறங்கி ஜீப்பில் ஏறும்போது மாஜிஸ்திரேட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மற்ற நாற்பது பேரை நாம் பார்த்தோமா?

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கே மாஜிஸ்திரேட்டும் நானும் கிளைச் சிறை வாசலில் நின்றோம். சிறை அதிகாரி முற்றத்தில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார். பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிட்டேன். பின்வரிசையில் ஒரு வயதானவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அவர் முழுதாக நிமிர்ந்து நிற்கும்வரை காத்திருந்து, முகத்தைப் பார்த்து, போலீசார் மேல் ஏதாவது புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இருக்குதுங்க" என்றார் பெரியவர்.